கொதிநீரும் குட்டி ஜாம்பிகளும்

ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு. அதனால் 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்க ஆரம்பித்துவிடும். கொடைக்கானலிலும் ஏறக்குறைய இதே நிலைதான். குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகாது என்பது மலையில் குடித்தனம் நடத்துகிற எல்லோருக்கும் தெரியும். மேசை விளையாட்டுக்கான மினியேச்சர் பொம்மைகளை வளைத்து, வெட்டி, ஜாம்பியாக, அதாவது நடமாடும் பிணமாக, மாற்றுகிறவர்களுக்கும் இந்த ஏழெட்டு டிகிரி பெரிய விஷயம்.

பச்சைப் பெயின்ட் அடித்தால் ஜாம்பி வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. முதலில் மாற வேண்டியது நிற்கும் விதம். உயிருள்ள மனிதன் ஓயாமல் தன்னைச் சரிக்கட்டிக்கொண்டே நிற்கிறான்: ஒரு தோள் இறங்கினால் இடுப்பு மறுபக்கம் நகரும், உடல் சாய்ந்தாலும் தலை நிமிர்ந்தே இருக்கும். அந்தச் சரிக்கட்டலை எடுத்துவிட்டால் போதும். தலை தோளில் தொங்கட்டும், கணுக்கால் உள்பக்கம் மடங்கட்டும், ஒரு கை காரணமே இல்லாமல் முன்னால் நீளட்டும். 28 மில்லிமீட்டர் அளவுப் பொம்மையில் கண்ணும் வாயும் தூரத்தில் தெரியாது. சாய்வு தெரியும்.

இந்தச் சாய்வைக் கொண்டுவர பிளாஸ்டிக்கை இளக்க வேண்டும். ஒவ்வொரு பிளாஸ்டிக்குக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அசையாமல் உறைந்து கிடக்கும், மேலே போனால் ஒன்றையொன்று தாண்டி நகரும். பலகை விளையாட்டுப் பெட்டிகளில் வரும் மெத்தென்ற பொம்மைகள் பெரும்பாலும் பிவிசி. சுத்தமான பிவிசிக்கு அந்த எல்லை சுமார் 80 டிகிரி, மெத்தென்று ஆக்கும் இளக்கி சேர்த்ததற்கு இன்னும் குறைவு. ஆகவே ஊட்டிக் கொதிநீரே போதும். அரை நிமிடம் முக்கி, இடுக்கியால் எடுத்து வளைத்து, பிடித்தபடியே குழாய்த் தண்ணீரில் காட்டினால் அப்படியே நின்றுவிடும். மலைத் தண்ணீரின் குளிர்ச்சி இங்கே நல்ல உதவி. ஆனால் சங்கிலிகளுக்குள் பழைய வடிவத்தின் இழுவிசை மிச்சமிருக்கும். அதே பொம்மையை மே மாதத்தில் மேட்டுப்பாளையம் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைத்தால் மெல்ல நிமிரப் பார்க்கும்.

உதிரிகளாக வந்து நாம் ஒட்டிக்கொள்ளும் கெட்டிப் பொம்மைகள் பாலிஸ்டைரீன். அதன் எல்லை 100 டிகிரியை ஒட்டியது. மலையில் எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் தண்ணீர் அந்த அளவை எட்டாது. இவற்றை வளைக்க முயல வேண்டாம். மூட்டில் மெல்லிய ரம்பத்தால் அறுத்து, கோணம் மாற்றி ஒட்டுவதுதான் வழி. பாலிஸ்டைரீனுக்கான பசை உண்மையில் ஒரு கரைப்பான். இரண்டு முனைகளையும் கொஞ்சம் கரைக்கிறது, சங்கிலிகள் கலந்து பின்னிக்கொள்கின்றன, கரைப்பான் ஆவியானதும் இரண்டு துண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

இங்கே நம்மூர்ச் சரக்கு ஒன்று வருகிறது. ஊட்டியில் கடைக்குக் கடை விற்கும் நீலகிரித் தைலமும் பாலிஸ்டைரீனை இளக்கும். பழைய டூத் பிரஷ்ஷில் ஒரு சொட்டு எடுத்துக் கன்னத்திலும் தோளிலும் குத்திக் குத்தி எடுத்தால், மழமழவென்ற தோல் அழுகியது போலக் கரடுமுரடாகும். பொம்மையின் உதிரிகள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டில் முதலில் சோதித்துப் பாருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். அதிகம் விட்டால் பிசுபிசுத்து முகமே போய்விடும்.

ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை வேறு வகை. அது காய்வதில்லை, ஈரத்தால் தூண்டப்பட்டு இறுகுகிறது. குன்னூரில் மூடுபனி இறங்கிய நாளில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் பிடிக்கும். ஆனால் ஆவியாகும் பசை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகி, சுற்றிலும் வெள்ளைத் தூளாகப் படியும். மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் இது குறையும். கிழிந்த சட்டைக்குப் பஞ்சை வைத்து அதன்மேல் இந்தப் பசையை ஊற்றாதீர்கள். விரலைச் சுடும் அளவுக்குச் சூடாகும். டிஷ்யூ காகிதத்தைத் தண்ணீர் கலந்த ஃபெவிக்காலில் நனைத்துப் போர்த்துவது எவ்வளவோ மேல்.

தொங்கும் சதைக்கும் வெளியே தெரியும் விலா எலும்புக்கும் எபாக்ஸி மாவு வேண்டும்: இரண்டு பகுதியாக வரும், சேர்த்துப் பிசைந்தால் கல்லாக இறுகும். இதற்கென்றே விற்கும் வெளிநாட்டு மாவு மிருதுவானது, விலையும் அதிகம். குழாய் ஒழுக்கு அடைக்கும் எம்-சீல் கொஞ்சம் மணல்மணலாக இருக்கும். வீரனின் முகம் செதுக்க அது குறைதான், ஜாம்பிக்கு அதுவே அழகு என்பேன். கையுறை போட்டுக்கொண்டு இரண்டு பகுதியையும் நிறம் ஒன்றாகும்வரை பிசைய வேண்டும். அப்போது தொடங்கும் வேதிவினை, தோராயமாகச் சொன்னால், 10 டிகிரி குறையும்போது பாதி வேகத்துக்கு இறங்கும். சென்னையில் 32 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் இறுகுவதற்கு, ஊட்டியின் 12 டிகிரியில் நான்கு மணி நேரம் பிடிக்கலாம். நனைத்த பல்குச்சியால் நிதானமாகச் செதுக்க இவ்வளவு அவகாசம் கிடைப்பது உண்மையில் வரம். சிக்கல் ஒன்றுதான்: குளிரும் ஈரமும் சேர்ந்தால் இறுக்கும் பொருள் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு வினைபுரிந்து மேலே வழவழப்பான படலத்தை உண்டாக்கும். அதன்மேல் பெயின்ட் ஒட்டாது. இறுகியதும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

அப்புறம் நிறம். இறந்த உடலில் ரத்த ஓட்டம் நின்றதும் ரத்தம் கீழ்ப்பக்கம் இறங்கித் தேங்கும். நிற்கும் பிணத்தைக் கற்பனை செய்தால், பாதமும் விரல் நுனிகளும் கருஞ்சிவப்பு ஊதாவாகவும், நெற்றியும் தோளும் வெளிறியும் இருக்க வேண்டும். பச்சையும் பொய் அல்ல. குடல் பாக்டீரியாக்கள் வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு ஹீமோகுளோபினோடு சேர்ந்து பச்சை நிறப் பொருளை உண்டாக்குகிறது. அது பெரும்பாலும் அடிவயிற்றின் வலப்பக்கம் முதலில் தெரியும், ஏனென்றால் பெருங்குடலின் தொடக்கம் அங்கே தோலுக்கு அருகில் இருக்கிறது. உடல் முழுக்க ஒரே பச்சையைப் பூசுவதைவிட, கிழிந்த சட்டைக்குள் வயிற்றில் மட்டும் பச்சை காட்டுவது எவ்வளவு பயங்கரமாக இருக்கிறது என்று செய்து பாருங்கள்.

கடைசியில் நீர்த்த பழுப்புப் பெயின்டை மேலே ஓடவிட்டால், நுண்புழை விசை அதைச் சுருக்கங்களுக்குள்ளும் விலா எலும்புகளுக்கு இடையிலும் இழுத்துக்கொள்ளும். அந்தப் பெயின்டில் பாத்திரம் கழுவும் திரவம் மிகச் சிறு துளி கலந்தால் பரப்பு இழுவிசை குறைந்து சீராகப் பரவும். பொம்மை நிற்கும் அடித்தட்டுக்கு, டீ போட்டு வடிகட்டிய தூளை நன்றாகக் காயவைத்து ஒட்டினால் மக்கிய இலைச்சருகு தயார். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

நிறத்துக்கு முன்னால் பூசும் அடிப்பூச்சான பிரைமரில், ஸ்பிரே வகை மட்டும் மலைக்கு ஒத்துவராத சாமான். கேனிலிருந்து வெளியேறும் திரவம் சட்டென்று ஆவியாகும்போது துளிகளும் பொம்மையின் மேற்பரப்பும் குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்த இடத்தில் பனி படிந்து, பூச்சு வெளுத்துவிடும். ஜனவரி, பிப்ரவரியில் வெயில் ஏறிய பிறகு அடிக்கலாம். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் பிரஷ்ஷால் பூசும் அக்ரிலிக் பிரைமர்தான் சரி, அதையும் அடுப்படிப் பக்கம் வைத்துக் காயவிடுங்கள்: அக்ரிலிக்கில் மிதக்கும் பாலிமர்த் துகள்கள் ஒன்றோடொன்று இளகிச் சேர்ந்தால்தான் படலம் உருவாகும், கடுங்குளிரில் அவை சேராமல் பொடியாக உதிரும்.