கேள்வித்தாள் 7 என்றது, அந்த அம்மா வேறு சொன்னார்

ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா. தூக்கமில்லை, உடம்பெல்லாம் வலி என்று எல்லா டெஸ்டும் எடுத்து முடித்து, எதிலும் கோளாறு இல்லை என்ற ரிப்போர்ட்டுகளோடு என்னிடம் வந்திருந்தார். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாளை நிரப்பித் தந்தார். தூக்கத்துக்கு 3, சோர்வுக்கு 3, பசிக்கு 1, மற்றதெல்லாம் பூஜ்யம். மொத்தம் 7. வழக்கமாக 10-ஐத் தொட்டால்தான் மேற்கொண்டு விசாரிப்போம். கணக்குப்படி அவரை அனுப்பிவிட்டிருக்கலாம்.

"மனச்சோர்வுன்னு ரெண்டாவதா இருக்கே, அதுக்கு ஏம்மா 'இல்லவே இல்லை'ன்னு போட்டீங்க?"

"சோர்வுக்குத்தான் கீழ போட்டிருக்கேனே டாக்டர். மனசுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. நெஞ்சுலதான் ஒரு பாரம். ராத்திரியெல்லாம் ஒரே யோசனை."

(நான் உளவியலாளர். டாக்டர் என்று கூப்பிடுவதைத் திருத்துவதை விட்டு வெகுநாள் ஆயிற்று.) பேசப் பேச, மாதக்கணக்கில் மனச்சோர்வு நோயோடு அவர் நடமாடிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் போட்டிருந்தார்.

அந்த 10 எங்கிருந்து வந்தது? பிஎச்க்யூ-9 அமெரிக்காவில் உருவானது. 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. 6,000 நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்து, அவர்களில் 580 பேரை மனநல நிபுணர்கள் தனியாகப் பேட்டி கண்டு ஒப்பிட்டதை 2001-ல் வெளியிட்டார்கள். ஆக, 10 என்பது அந்த மக்களிடம், அவர்களுடைய மொழியில் அளந்து கிடைத்த எண். வேறொரு இனக்குழுவுக்கும் அதே எண் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். அளந்து பார்க்காமல் தெரியாது.

பலர் மொழிபெயர்ப்போடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய 1987-ல் வந்த எடின்பரோ அளவுகோலில் ஒரு வாசகம்: 'திங்ஸ் ஹேவ் பீன் கெட்டிங் ஆன் டாப் ஆஃப் மீ'. சமாளிக்க முடியாமல் திணறுகிறேன் என்று அர்த்தம். இதை அப்படியே 'பொருள்கள் என் மேல் ஏறிக்கொண்டிருக்கின்றன' என்று தமிழாக்கினால், படிப்பவருக்குப் பரண் சரிந்துவிட்டதோ என்றுதான் தோன்றும். வேடிக்கை என்னவென்றால், இந்த வாக்கியத்தை இன்னொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொன்னால் மூலத்துக்குக் கிட்டத்தட்ட அச்சு அசலாகத் திரும்பி வரும். சரிபார்ப்பில் பாஸ்! வார்த்தைக்கு வார்த்தை மாற்றியதுதான் இந்தச் சோதனையில் நன்றாகத் தேறும்.

'கவலை' இன்னொரு வில்லங்கம். நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பதற்றமும் கவலை, நடந்ததை நினைத்து வருந்துவதும் கவலை. பதற்றத்துக்கான படிவத்திலும் மனச்சோர்வுக்கான படிவத்திலும் அதே சொல்லைப் போட்டால் இரண்டு மதிப்பெண்ணும் சேர்ந்தே ஏறும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு: பத்துப் பதினைந்து பேரிடம் படிவத்தைக் கொடுத்து, "இது என்ன கேக்குதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்பது. செலவே இல்லாத வேலை. அதனாலோ என்னவோ முதலில் கைவிடப்படுவதும் இதுதான்.

மொழி ஒன்றாக இருந்தாலும் சிக்கல் தீராது. மனச்சோர்வை அளக்க 1977-ல் வந்த சிஇஎஸ்-டி என்ற 20 கேள்வி அளவுகோலில், மற்றவர்கள் என்னிடம் சிநேகமாக இல்லை, என்னை வெறுக்கிறார்கள் என்று இரண்டு வாசகங்கள் உண்டு. மனச்சோர்வு ஒரே அளவில் இருந்தும், அமெரிக்காவில் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவர் இவற்றுக்கு அதிகமாக 'ஆம்' சொல்வது ஆய்வில் தெரிந்தது. தினமும் பாகுபாட்டைச் சந்திப்பவருக்கு அது நோய் அறிகுறியாக இல்லாமல் வெறும் அனுபவமாக இருக்கலாம் அல்லவா?

ஜிம்பாப்வேயில் வேறு வழியில் போனார்கள். ஷோனா மொழி பேசும் நோயாளிகள் தங்கள் துன்பத்தை எந்தச் சொற்களால் சொல்கிறார்கள் என்று கேட்டு, அதிலிருந்தே 14 கேள்விகளை உருவாக்கினார்கள். அதிகமாக யோசிப்பது என்று பொருள்படும் 'குஃபுங்கிசிசா' அவர்கள் அடிக்கடி சொல்லும் சொல். என்னிடம் வந்த அம்மாவின் 'ஒரே யோசனை'யும் கிட்டத்தட்ட அதுதான். பிஎச்க்யூ-9-ல் அதற்கென்று கேள்வி இல்லை.

சரி, அப்படியென்றால் கட்-ஆஃபை நாமாக 7-க்கு இறக்கிவிடலாமா? கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 பேரில் 100 பேருக்கு நோய் இருக்கிறது. படிவம் நோயுள்ளவர்களிலும் இல்லாதவர்களிலும் 85 சதவீதம் பேரைச் சரியாகப் பிரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதே 85 பேரோடு சேர்த்து, நோயில்லாத 135 பேரும் சிக்குவார்கள். எல்லையை இறக்கினால் அந்தக் கூட்டம் இன்னும் பெருகும். எங்கே கோடு போடுவது என்பதை, மதிப்பெண் தெரியாத ஒருவர் அந்தச் சமூகத்தினரைப் பேட்டி கண்டு ஒப்பிட்ட பிறகுதான் சொல்ல முடியும். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களை வைத்துச் சோதித்தால் படிவம் உள்ளதைவிடக் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும்.

அப்புறம், வீட்டு ஆட்களை மொழிபெயர்க்க விடாதீர்கள். ஒருமுறை ஒரு மகன், வேறு மொழி பேசும் தன் அப்பாவுக்குக் கேள்விகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணமோ தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்பது. மகன் ஒரு கணம் தயங்கிவிட்டு, "நல்லாத்தானேப்பா இருக்கீங்க?" என்றார். அப்பா தலையாட்டினார். மகன் பூஜ்யத்தில் டிக் அடித்தார். மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைப் போனில் வைத்துக்கொண்டு அந்த ஒரு கேள்வியை மறுபடி கேட்டேன். இம்முறை 2. மற்ற எட்டையும் கூட்டிப் பார்க்கக் காத்திருக்காமல் அன்றைக்கே உட்கார்ந்து பேசினோம்.