உருத்திரிபு: பெரோவ்ஸ்கைட் படிகங்களுக்கு ஏற்ற ஒரு சொல்

படிகத்தில் ஒவ்வொரு அணுவுக்கும் ஒரு சீரான இடம் உண்டு. பிணைப்புகள் அறாமலே அணுக்கள் அங்கிருந்து சற்று நகர்ந்தோ, அணுக்கூட்டங்கள் சற்றுத் திரும்பியோ நிற்பதை டிஸ்டார்ஷன் என்கிறார்கள். இதைத் தமிழில் 'உருத்திரிபு' என்று சொல்வதே சரி என்பது என் கருத்து.

டிஸ்டார்ஷனின் வேர் 'முறுக்கு' என்று பொருள்படும் லத்தீன் வினை. திருப்பு விசையைக் குறிக்கும் டார்க் (torque) என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். நம் 'திரி'யும் அதே செயலைத்தான் குறிக்கிறது: கயிறு திரிக்கிறோம், பஞ்சைத் திரிக்கிறோம். மாறுவது என்ற பொருளும் அதற்கு உண்டு, பால் திரிந்துபோகிறது. நன்னூல் புணர்ச்சி விகாரங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக்குகிறது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது எழுத்து கூடவுமில்லை, குறையவுமில்லை. ஒன்று திரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் வெறும் 'திரிபு' போதாதா? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஸ்ட்ரெயினுக்கு, அதாவது விசையால் பொருளின் அளவு மாறும் விகிதத்துக்கு, அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். படிகங்களைப் பற்றி எழுதும்போது இரண்டும் ஒரே பத்தியில் வரும், குழப்பம்தான் மிஞ்சும். (இலங்கையில் ஸ்ட்ரெயின் 'விகாரம்' என்பதால் அங்கே இந்த மோதல் இல்லை.) சிலர் எழுதும் 'உருக்குலைவு' எனக்கு உடன்பாடில்லை. குலைந்தால் அமைப்பே போயிற்று என்றாகும். இங்கே எதுவும் குலைவதில்லை.

சரி, பெரோவ்ஸ்கைட்டுக்கு வருவோம். 1839ல் யூரல் மலையில் கிடைத்த கால்சியம் டைட்டனேட் கனிமத்துக்கு, கனிமங்களில் ஆர்வம் கொண்ட ரஷ்யப் பிரமுகர் லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரை கனிமவியலாளர் குஸ்டாவ் ரோஸ் வைத்தார். இது ஆளின் பெயர், எனவே மொழிபெயர்க்கத் தேவையில்லை. அமைப்பு எளியது: டைட்டேனியத்தைச் சுற்றி ஆறு ஆக்சிஜன்கள் சேர்ந்து ஓர் எண்முகி, எண்முகிகள் மூலையோடு மூலை சேர்ந்து முப்பரிமாணச் சட்டகம், இடைக்குழியில் கால்சியம். குழிக்கு அயனி சற்றுச் சிறியதாக இருந்தால் எண்முகிகள் சாய்ந்து இடத்தைச் சுருக்கிக்கொள்ளும். இந்தப் பொருத்தத்தை அளக்கும் எண்ணை 1926ல் புவிவேதியியலாளர் கோல்ட்ஷ்மிட் தந்தார். பெயர் கொடுத்த கனிமமே அறை வெப்பநிலையில் சாய்ந்துதான் இருக்கிறது.

சாய்வுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மூலையில் இருப்பது ஒற்றை அணு. ஓர் எண்முகி வலஞ்சுழியாகத் திரும்பினால், அந்த அணு பக்கத்து எண்முகியை இடஞ்சுழியாக இழுத்துவிடும். இந்த வரம்புக்குள் அமையக்கூடிய சாய்வுகளை 1972ல் படிகவியலாளர் கிளேசர் 23 வகைகளாகப் பிரித்தார்.

மூலக்கூற்று இணைப்பி வந்ததும் இந்த வரம்பு தளர்கிறது. இணைப்பி என்றால் லிங்கர், இரு உலோகங்களுக்கு இடையே பாலமாக நிற்கும் ஈனி (உலோக அணுவோடு பிணையும் அயனி அல்லது மூலக்கூறு). ஒற்றை ஆக்சிஜனுக்குப் பதில் சயனைடோ ஃபார்மேட்டோ அங்கே அமர்ந்தால், அடுத்தடுத்த எண்முகிகள் ஒரே திசையிலும் திரும்பலாம். நடுவிலுள்ள பாலம் சாய்ந்து அதை ஏற்றுக்கொள்ளும். எண்முகி வரிசை ஒன்று முழுதாகத் தன் அச்சின் வழியே நகரவும் முடியும். ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்ட்ரூ குட்வின் குழு 2016ல் இந்த நகர்வைத் தனி வகையாக விளக்கியது. ஒரே திசையில் திரும்புவதை 'ஒருதிசைச் சாய்வு' என்றும் வரிசை நகர்வதை 'நிரல் நழுவல்' என்றும் சொல்லலாம். இரண்டுமே உருத்திரிபின் வகைகள்.

கரிம மூலக்கூறும் உலோகமும் சேர்ந்த கலப்பு பெரோவ்ஸ்கைட் எல்லாமே இந்த வகை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சூரிய மின்கலத்தால் புகழ்பெற்ற மெத்தில் அம்மோனியம் லெட் அயோடைடில் மூலக்கூறு குழியில்தான் இருக்கிறது. பாலம் வெறும் அயோடின் அணு. அங்கே பழைய கட்டுப்பாடு அப்படியே செல்லும். டைமெத்தில் அம்மோனியம் மாங்கனீசு ஃபார்மேட்டில் குழியிலும் மூலக்கூறு, பாலத்திலும் மூலக்கூறு. அறை வெப்பநிலையில் குழியிலுள்ள அயனி மூன்று நிலைகளுக்கிடையே ஒழுங்கில்லாமல் இருக்கிறது. சுமார் 185 கெல்வினுக்குக் கீழே ஹைட்ரஜன் பிணைப்புகள் அதை ஒரே நிலையில் நிறுத்த, சட்டகமும் கூடவே திரிகிறது.

இந்த உருத்திரிபுகளைத் தேடிப் போவதற்குக் காரணம் மின்முனைவு, அதாவது நேர், எதிர் மின்னூட்டங்கள் படிகத்தில் எதிரெதிர்ப் பக்கமாக விலகி நிற்பது. எளிய பெரோவ்ஸ்கைட்டில் சாய்வு மட்டும் எவ்வளவு இருந்தாலும் உலோக அணுவிலுள்ள சமச்சீர் மையம் (அங்கிருந்து எதிரெதிர்த் திசைகள் ஒன்றுபோலவே தெரியும் புள்ளி) போகாது. மையம் போகாதவரை படிகத்துக்கு நிலையான மின்முனைவு வராது. பல உருத்திரிபுகள் கைகோத்தால் கதை வேறு. குவானிடினியம் தாமிர ஃபார்மேட்டில் தாமிரத்தின் யான்–டெல்லர் விளைவால், அதாவது அதன் எலக்ட்ரான் அமைப்பு சுற்றியுள்ள அணுக்களை நகர்த்துவதால், எண்முகி நீள்கிறது. அதோடு சாய்வும், குழியிலுள்ள குவானிடினியமும் இணைந்து மின்முனைவைத் தோற்றுவிக்கும் என்று 2011ல் ஸ்ட்ரொப்பாவும் கூட்டாளிகளும் கணக்கிட்டுக் காட்டினார்கள். எந்த உருத்திரிபு எதோடு சேர்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. அதனால் தமிழில் எழுதும்போது நீட்சி, சாய்வு, நழுவல் என ஒவ்வொன்றையும் அதனதன் பெயரால் சொல்லி, எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் மட்டும் உருத்திரிபு என்று எழுதுவது நல்லது.