அவுட்லா என்றால் ரவுடியா?

ஜெஃப் நிக்கோல்ஸ் இயக்கத்தில் 2024-ல் திரைக்கு வந்த, ஒரு சிகாகோ பைக் கிளப்பின் கதையான 'தி பைக்ரைடர்ஸ்' பற்றி யார் எழுதினாலும் 'அவுட்லா' என்ற சொல் வந்துவிடுகிறது. அதை 'ரவுடி' என்று தமிழாக்கினால் படத்தின் பாதி கைநழுவிப் போகும்.

'அவுட்லா'வின் வேர் ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸில் இருக்கிறது, பொருள் 'சட்டத்துக்கு வெளியே உள்ளவன்'. இடைக்கால இங்கிலாந்தில், பலமுறை அழைத்தும் நீதிமன்றத்துக்கு வராதவனை அவுட்லா என்று அறிவித்துவிடுவார்கள். அப்புறம் சொத்து போய்விடும், அவனுக்குச் சோறு போட்டு இடம் கொடுத்தவரும் குற்றவாளி, அவனுக்கே 'ஓநாய்த் தலை' என்று பெயர், அதாவது ஓநாயை அடிப்பதுபோல் யாரும் அடித்துக் கொல்லலாம். அவன் சட்டத்தை மீறினான் என்பதைவிட, சட்டம் அவனைக் கைவிட்டது என்பதுதான் இந்தச் சொல்லின் உயிர்.

பைக் உலகத்தில் பொருள் இன்னும் சாதாரணம். 1924-ல் தொடங்கிய அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கத்தில் பதியாத கிளப் எதுவானாலும் அவுட்லா கிளப், அவ்வளவுதான். 1947-ல் கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டரில் பைக்காரர்கள் செய்த ரகளையும், அதன் சாயலில் 1953-ல் வந்த மார்லன் பிராண்டோவின் 'தி வைல்ட் ஒன்' படமும்தான் சொல்லுக்குக் கறுப்புத் தோல் ஜாக்கெட் மாட்டிவிட்டன.

டாம் ஹார்டி நடித்த ஜானி, குடும்பஸ்தன், வீட்டு டிவியில் அந்தப் பிராண்டோவைப் பார்த்துத்தான் சிகாகோவில் கிளப் தொடங்குகிறான். தலைமைக்கு ஒருவன் சவால் விட்டால் ஜானி கேட்பது ஒன்றே: கையா, கத்தியா? வெளிச்சட்டத்தை விட்டு வந்தவர்கள் உள்ளே தங்களுக்கென்று ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். பிறகு வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களும் போதைப்பொருளும் உள்ளே வர, கிளப் நிஜமாகவே குற்றக் கும்பலாகிறது.

கிளப்பைச் சேர்ந்த பென்னியின் மனைவியாக வரும் ஜோடி கோமரின் நடிப்பை விமர்சகர்கள் கொண்டாடினார்கள். கதை தளர்வு, ஆஸ்டின் பட்லர் நடித்த பென்னிக்குள் ஒன்றுமில்லை என்ற குறையும் வந்தது. பென்னி விஷயத்தில் எனக்கும் அதே எண்ணம்தான், ஆனால் கதை தளர்வு என்பதை ஏற்க முடியவில்லை, ஒரு சொல் பதியாத கிளப்பிலிருந்து குற்றக் கும்பலுக்கு நகர்வதுதானே இங்கே கதை!

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'சட்டவிரோதி' செயலைச் சுட்டுகிறது, ஆளின் நிலையைச் சொல்லவில்லை. கோட்டைக்குள் இருப்பவர்களைக் குறள் 'அகத்தார்' என்கிறது, அதற்கு எதிர்ப்பதம் புறத்தார். எனவே மனிதருக்கு 'சட்டப்புறத்தார்', கிளப்புக்கு 'சங்கத்தில் சேராத கிளப்' என்று எழுதலாம். ரவுடி, கும்பல் எல்லாம் படத்தின் பிற்பகுதியைப் பற்றிப் பேசும்போது போதும்.