வெள்ளி ஆறு ஏன் கறுத்தது?

பழைய பாரசீக ஓவியச் சுவடிகளைப் பார்க்கும்போது ஒரு விஷயம் கண்ணை உறுத்தும். தோட்டத்தில் பூக்கள் நேற்றுப் பூத்தவை போல இருக்கும். வானம் தங்கமாக மின்னும். மரத்தடியில் பட்டு உடுத்திய இளவரசன் உட்கார்ந்திருப்பான். அவன் காலடியில் ஓடும் வாய்க்கால் மட்டும் சாக்கடை மாதிரிக் கறுத்துக் கிடக்கும். மீசையின் ஒவ்வொரு மயிரையும் தனியாக வரைந்தவருக்குத் தண்ணீரின் நிறம் தெரியாமலா போயிருக்கும்?

தெரியும். அவர் பூசியது அசல் வெள்ளி.

இதற்கு எழுத்துச் சாட்சியே இருக்கிறது. இன்று ஆப்கானிஸ்தானில் இருக்கும் ஹெராத் நகரில், தைமூரின் பேரன் பைசுங்குர் ஒரு நூல் பட்டறை நடத்தினார். பட்டறையின் தலைமை எழுத்தர் ஜாஃபர் தப்ரீசி, யார் யார் எந்த வேலையை எதுவரை முடித்திருக்கிறார்கள் என்று இளவரசருக்கு ஓர் அறிக்கை எழுதினார். 1420களின் பிற்பகுதியைச் சேர்ந்த தாள் அது; இஸ்தான்புல் தோப்காபி அரண்மனைத் தொகுப்பில் தப்பிப் பிழைத்திருக்கிறது. இன்றைய அலுவலகங்களில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பும் ரிப்போர்ட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதில் ஒரு செய்தி: குலிஸ்தான் நூலின் இரண்டு கடல் காட்சிகளுக்கு அமீர் கலீல் வெள்ளி பூசி முடித்துவிட்டார், அடுத்து வண்ணம் தீட்டப் போகிறார். கவிஞர் ஸஅதி 1258இல் இயற்றிய அந்த நூலை ஜாஃபரே 1427இல் படியெடுத்த பிரதி ஒன்று இப்போது டப்ளினில், செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது.

அந்த வெள்ளிக்கு என்ன ஆகும் என்பதைக் கொலுசு போட்ட யாரும் சொல்லிவிடுவார்கள். காற்றில் துளியூண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு எப்போதும் இருக்கும். அழுகும் குப்பையிலிருந்து வரும், கரிப்புகையிலிருந்து வரும், அவித்த முட்டையிலிருந்துகூட வரும். அதிலுள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளி, வெள்ளி சல்ஃபைடாக மாறுகிறது. அதன் நிறம் கறுப்பு. கொலுசில் இந்தக் கறுப்பு மேல்தோலோடு நின்றுவிடும். திருநீறு போட்டுத் தேய்த்தால் பழைய பளபளப்பு வந்துவிடும். ஓவியத்தில் அந்த வைத்தியம் பலிக்காது. ஓவியர் வெள்ளித் தகட்டைப் பிசினோடு சேர்த்து மைபோல அரைத்துப் பூசியிருக்கிறார். துகள் சிறுக்கச் சிறுக்கக் காற்றுப் படும் பரப்பு கூடும், உள்ளே மிஞ்சும் வெள்ளி குறையும். தேய்த்தால் கறுப்போடு சேர்ந்து ஆறும் போய்விடும்.

ஓவியங்களைக் கலை வரலாறாகப் படித்துப் பழகிவிட்டோம். என்னைக் கேட்டால், இந்தச் சுவடிகளை நாட்டுமருந்துக் கடையின் அலமாரியாகவும் பார்க்க வேண்டும். சாதிலிங்கம், அரிதாரம், செந்தூரம், அன்னபேதி, மாசிக்காய், பிசின், குங்குமப்பூ என்று அந்த அலமாரியிலிருக்கும் பாதிச் சரக்கு பாரசீகப் பட்டறையிலும் இருந்தது. இத்தனை சரக்கையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 500, 600 வருடம் மூடி வைத்தால் என்ன ஆகும்? அதைத்தான் நாம் இன்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் தாள். காகிதம் என்ற தமிழ்ச் சொல்லே பாரசீகத்தின் ‘காகஸ்’ வழியாக வந்ததுதான். கிழிந்த துணி, கயிறு ஆகியவற்றில் இருக்கும் ஆளிச்செடி நாரையும் சணல் போன்ற கஞ்சாச் செடி நாரையும் கூழாக்கி வடித்த தாள் அது. அப்படியே எழுதினால் மை ஊறிப் பரவும். அதனால் கஞ்சி போட்டார்கள். வேட்டிக்குப் போடும் அதே காரியம்தான்: ஸ்டார்ச்சு நார்களுக்கு இடையில் இருக்கும் துளைகளை அடைத்துவிடுகிறது. காய்ந்த பிறகு வழுவழுப்பான கல்லையோ கண்ணாடியையோ வைத்து அழுத்தித் தேய்த்தார்கள். நிமிர்ந்து நிற்கும் நார்கள் படுத்துவிடும், நாணல் பேனா தடுக்காமல் ஓடும். 1520களில் தப்ரீஸில் பாரசீக மன்னர் ஷா தஹ்மாஸ்புக்காகத் தொடங்கிய ஷாநாமா சுவடியில் 759 தாள்கள், 258 ஓவியங்கள். ஃபிர்தௌசி 1010இல் முடித்த சுமார் 50,000 ஈரடிகள் கொண்ட காவியம் ஆயிற்றே. அத்தனை தாளையும் இரண்டு பக்கமும் தேய்த்த ஆட்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

கோடு போடும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் அட்டையில் வரி வரியாக நூல் கட்டியிருப்பார்கள். தாளை அதன்மேல் வைத்து விரலால் தடவினால் நூலின் தடம் பதியும். கண்ணுக்கு லேசாகத் தெரியும், எழுதி முடித்தபின் அழிக்கவும் வேண்டாம்.

மைக்கு ஒரு செய்முறை பாட்டாகவே பாரசீகத்தில் வழங்குகிறது. விளக்குப் புகைக்கரி எவ்வளவோ அவ்வளவு அன்னபேதி வகை இரும்பு உப்பு. இரண்டும் சேர்ந்த எடைக்கு மாசிக்காய். மூன்றும் சேர்ந்த எடைக்குப் பிசின். அதற்கு மேல் தோள்வலிமை. கணக்குப் போட்டால் 1:1:2:4. இதில் உண்மையில் இரண்டு மைகள் ஒளிந்திருக்கின்றன. புகைக்கரி என்பது வெறும் கார்பன். தாளின் மேலேயே உட்காரும், வெளிச்சத்தில் வெளுக்காது, ஆனால் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். மாசிக்காயின் கதை வேறு. ஓக் மரக்கிளையில் ஒரு சிறு குளவி முட்டையிட, மரம் அதைச் சுற்றி வளர்க்கும் புடைப்பு அது. அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் அன்னபேதியின் இரும்போடு சேர்ந்து, நாருக்குள் இறங்கிக் கறுக்கும் சேர்மமாகிறது. ஒன்று மேலே நிற்கிறது, இன்னொன்று உள்ளே இறங்கிப் பிடிக்கிறது. பிசின் இரண்டையும் கட்டி வைக்கிறது. தோள்வலிமை எதற்கு? கரித்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டும். பல மணி நேரம் அரைத்தால்தான் ஒவ்வொரு துகளையும் பிசின் போர்த்தும்.

எழுத்தர்தான் முதலில் எழுதுவார். ஓவியத்துக்கான இடத்தைக் காலியாக விட்டுவிட்டுத் தாளை ஓவியரிடம் தள்ளுவார். அணில் வால் மயிரையோ பூனை மயிரையோ இறகுத் தண்டில் செருகிய தூரிகை. அப்புறம் நிறங்கள்.

நீலத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஆப்கானிஸ்தானின் பதக்ஷானில், கோக்சா பள்ளத்தாக்கின் சாரி சங் சுரங்கத்திலிருந்து வந்த லாஜ்வர்த் கல் அது. கல்லை இடித்து அப்படியே பூசினால் சாம்பல் நிறம்தான் கிடைக்கும், ஏனென்றால் அதில் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லும் பொன்போல மின்னும் பைரைட்டும் கலந்திருக்கின்றன. அதனால் கல்தூளை மெழுகு, பிசின், எண்ணெய் சேர்த்து மாவாகப் பிசைந்து, சாம்பல் கரைத்த காரநீருக்குள் அமுக்கி அமுக்கிக் கசக்குவார்கள். நீலத் துகளுக்குத் தண்ணீரோடு ஒட்டுதல் அதிகம். அது வெளியே வந்து அடியில் படியும். மற்ற தூசியை மாவு பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் கசக்கலில் ஆழ்ந்த நீலம், கடைசியில் மங்கல். அந்த நீலத்துக்குக் காரணம் கந்தகம். மூன்று கந்தக அணுக்கள் சேர்ந்த ஓர் அயனி, அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன் ஆகியவற்றால் ஆன கூண்டுக்குள் அடைபட்டிருக்கிறது. வெளியே விட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும் அயனி, கூண்டுக்குள் பத்திரமாக இருந்து மஞ்சள், ஆரஞ்சு ஒளியை விழுங்குகிறது. மிஞ்சுவது நீலம். அமிலம் கூண்டை உடைக்கும். வெளிச்சம் ஒன்றும் செய்யாது. ரொம்ப நைசாக அரைத்தாலும் நிறம் வெளிறும், அதனால் ஓவியர் கையை அளவோடு நிறுத்த வேண்டும். பழைய சலவை நீலப் பொடி இருந்ததே, வேட்டிக்குப் போடுவது, அது இதே சேர்மத்தை உலையில் செய்தது.

வெள்ளியைக் கெடுத்த கந்தகம் இங்கே நீலத்தைத் தருகிறது. சிவப்பிலும் அது இருக்கிறது: பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்தால் முதலில் வருவது கறுப்புத் தூள், அதைச் சூடாக்கி ஆவியாக்கிப் படியவிட்டால் அணுக்கள் வேறு வரிசையில் அடுக்கிக்கொண்டு சாதிலிங்கச் சிவப்பாகின்றன. மஞ்சளிலும் இருக்கிறது. கூத்துக் கலைஞர்கள் முகத்தில் பூசிய அரிதாரம், ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த விஷம்.

சண்டை தொடங்குவது நிறங்கள் அண்டை வீட்டுக்காரர்களாகும்போது. அரிதாரத்தை ஈய வெள்ளையோடு சேர்த்தால் கந்தகம் ஈயத்துக்குத் தாவிக் கறுப்பு ஈய சல்ஃபைடு உருவாகலாம். காற்றிலிருக்கும் கந்தகமும் இதே வேலையைச் செய்யும். சில ஓவியங்களில் வெள்ளையாக இருந்த முகம் இன்று கரிபூசிய மாதிரி இருப்பது அதனால்தான். பார்ப்பவர் அதை நிழல் என்று நினைத்துவிடக் கூடாது. பாரசீக ஓவியத்தில் நிழலே கிடையாது. இரவுக் காட்சியில்கூட நிலாவும் மெழுகுவர்த்தியும் இருக்கும், ஆட்கள் பட்டப்பகல் போலத் தெரிவார்கள்.

இதிலெல்லாம் மோசமானது பச்சை. செம்புத் தகட்டைக் காடியின் ஆவியில் வைத்தால் பச்சையாகப் பூக்கும் களிம்பு. சைவ சித்தாந்தம் ஆணவத்துக்கு உவமை சொல்லும் அதே செம்புக் களிம்புதான். ஓவியத்தைச் சுற்றிப் போடும் கட்டத்தில் ஒரு கோடு பெரும்பாலும் பச்சையாக இருக்கும். களிம்பின் அமிலம் தாளின் நாரை அறுக்கிறது. செம்பு அயனி, தான் தீர்ந்துபோகாமல் ஆக்சிஜனேற்றத்தை விரட்டிக்கொண்டே இருக்கிறது. கோடு முதலில் பழுப்பாகும், பிறகு தாள் பொடியும். கடைசியில் ஓவியம் ஜன்னல் பலகை மாதிரிக் கட்டத்திலிருந்து கழன்று விழும்.

ஆச்சரியம் என்னவென்றால், பட்டறைக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. களிம்பில் கொஞ்சம் குங்குமப்பூ கலக்கச் சொல்லும் குறிப்புகள் பழைய பாரசீக நூல்களில் உண்டு. நிறத்தைப் பிஸ்தா பச்சையாக்கும் அலங்கார யோசனை என்றுதான் வெகுநாள் தோன்றியிருக்கும். ஈரானில் பாதுகாப்பு வல்லுநர்கள் சோதனைச் சாலையில் செய்து பார்த்தபோது, குங்குமப்பூ அமிலத்தன்மை ஏறிவிடாமல் தடுத்து, தாள் கெடுவதைக் குறைப்பது தெரிந்தது. பிஎச் என்ற சொல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே, கண்ணால் பார்த்துப் பார்த்துக் கற்ற பாடம். வெள்ளிக்கு மட்டும் அவர்களிடம் மருந்து இல்லை. கறுக்கும் என்று தெரிந்தேதான் பூசியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்; கொலுசைப் பார்க்காத தேசமா அது? மூடி வைத்த புத்தகத்தில் காற்று குறைவு. இளவரசர் உயிரோடு இருக்கும்வரை ஆறு மின்னினால் போதாதா!

எந்தத் தாளில் எந்தச் சரக்கு என்று இன்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? சுரண்டி எடுப்பதற்கில்லை. சிவப்பை எடுத்துக்கொள்வோம். பாதரசச் சாதிலிங்கமும் ஈயச் செந்தூரமும் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியலாம். அதன்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் பதில் கதிர் விடும். பாதரசமா ஈயமா என்று அப்போதே தெரிந்துவிடும். லேசரை மெதுவாகப் படவிட்டுச் சிதறி வரும் ஒளியை அளக்கும் ராமன் முறையில் மூலக்கூறு அதிரும் விதமே கைரேகையாக வரும். சர் சி. வி. ராமன் 1928இல் கண்டறிந்த விளைவு, தாளைத் தொடாமலே லாஜ்வர்த்தை அடையாளம் காட்டுகிறது. அகச்சிவப்புக் கேமரா வண்ணத்தை ஊடுருவி அடியிலிருக்கும் கரிக்கோட்டைக் காட்டும். ஓவியர் முதலில் கையை எங்கே வைத்தார், பிறகு எங்கே மாற்றினார் என்பதும் தெரியும்.

இவ்வளவு கலகத்திலும் அசையாதது தங்கம். அது கந்தகத்தை ஏறெடுத்தும் பார்க்காது. தங்கத் தகட்டைப் பிசினிலோ தேனிலோ விரலால் குழைத்து அரைத்து, கழுவி, மெல்லிய பசையில் கலந்து பூசுவார்கள். பூசியவுடன் மஞ்சள் மண் மாதிரி மந்தமாக இருக்கும், ஏனென்றால் துகள்கள் கண்டபடி சாய்ந்து கிடந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. காய்ந்தபின் மெருகுக்கல்லால் தேய்த்தால் துகள்கள் படுத்துச் சேர்ந்து கண்ணாடியாகின்றன. வெள்ளி சேர்த்தால் பச்சை ஓடிய தங்கம், செம்பு சேர்த்தால் சிவந்த தங்கம். அதோடு விடவில்லை. சில இடங்களில் ஊசிமுனையால் தங்கத்தில் குட்டிக் குட்டிக் குழிகள் குத்தினார்கள். ஒவ்வொரு குழியும் வேறு கோணத்தில் ஒளியைத் திருப்பும்.

தஹ்மாஸ்பின் ஷாநாமா 1970களில் தாள் தாளாகப் பிரிக்கப்பட்டுப் பல நாடுகளுக்குப் போய்விட்டது. எஞ்சிய 118 ஓவியங்களை 1994இல் வியன்னாவில், வில்லெம் டி கூனிங் வரைந்த ஒரு நவீன ஓவியத்தைக் கொடுத்து ஈரான் வாங்கிக்கொண்டது. பிரிந்த தாள்கள் இன்று அருங்காட்சியகச் சுவரில், 50 லக்ஸ் மங்கல் வெளிச்சத்தில், சட்டத்துக்குள் அசையாமல் நிற்கின்றன. குங்குமப்பூ மாதிரியான தாவரச் சாயங்கள் வெளுக்காமல் இருக்க அந்த மங்கல் தேவைதான். ஆனால் இவை மடியில் வைத்துப் புரட்டிய புத்தகத்தின் தாள்கள். விளக்கொளியில் தாள் சாயும்போது ஊசிக்குழி ஒவ்வொன்றாகக் கண்சிமிட்டும் என்ற கணக்கில் செய்தவை. தாள் அசையாதென்றால் நாம்தான் அசைய வேண்டும். காவலாளி ஒரு மாதிரிப் பார்த்தாலும் பரவாயில்லை, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, இடமும் வலமுமாக இரண்டடி நகர்ந்து பாருங்கள்.