மணி பார்த்துப் பால் கொடுத்தால் ஏன் வற்றுகிறது?

திருநெல்வேலிப் பக்கம் பிள்ளை பிறந்ததும் கருப்பட்டித் தண்ணீரையோ சீனித் தண்ணீரையோ நாக்கில் தொட்டுச் சேனை வைப்பார்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும் உண்டு. இரண்டும் தவறு. முதல் நாள் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டிதான் சுரக்கும்; பிள்ளைக்கு அதுவே போதும், நோய் எதிர்ப்புப் புரதங்கள் செறிந்திருப்பதும் அதில்தான். ஆனால், பிள்ளை அழும்போதெல்லாம் மடியில் போட்டுப் பால் கொடுத்தார்களே, அது முழுக்கச் சரி. வெள்ளைக்கார ஆட்சிக் காலத்து ஆலோசனை கைவைத்தது அந்தச் சரியான பழக்கத்தின் மேல்.

நியூசிலாந்தில் 1907இல் தாய்சேய் நலத்துக்காகப் பிளங்கெட் சங்கத்தைத் தொடங்கிய மருத்துவர் ட்ரூபி கிங்கின் அட்டவணை இது: காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10. நடுராத்திரியில் கிடையாது. இந்த மணிக்கணக்கு பிரிட்டிஷ் பேரரசெங்கும் பரவியது. இந்தியாவிலும் 1924 முதல் குழந்தை வாரம் கொண்டாடித் தாய்மாருக்குப் பிள்ளை வளர்ப்புப் பாடம் நடத்தினார்கள்.

பிள்ளை சப்பும்போது தாயின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின், ஆக்சிடோசின் என்ற இரண்டு ஹார்மோன்களை விடுகிறது. புரோலாக்டின் பாலை உண்டாக்கும். ஆக்சிடோசின் அந்தப் பாலை வெளியே தள்ளும். மார்பு நிறைந்தே கிடந்தால் சுரப்பு தானாக மெதுவாகும், காலியானால் வேகமெடுக்கும். பிறந்த பிள்ளைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் வேண்டும். ஐந்து முறையோடு நிறுத்தினால் முதலில் பால் கட்டி மார்பு கல்லாகும். அடுத்து அளவு குறையும். புரோலாக்டின் உச்சத்தில் இருப்பது இரவில். அட்டவணையோ அந்த வேளையைத்தான் வெட்டியது. பால் குறைந்ததும் “தாய்க்குப் பால் போதவில்லை” என்று புட்டியும் டப்பாப் பாலும் வரும். சர்க்கரை மிகுந்த அந்தக் கெட்டிப்பாலைப் பிள்ளைக்குக் கொடுப்பது கொலைக்குச் சமம் என்று 1939இல் சிங்கப்பூரில் பேசினார் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ்.

புட்டியிலும் மோசமானது நீண்ட ரப்பர் குழாய் வைத்தது. குழாயின் உட்புறத்தைக் கழுவ வழியில்லை, பால் உறைந்து கிருமி பெருகும். பிரான்ஸ் 1910இல் அதைத் தடைசெய்தது. பிள்ளைக்குப் பால் புகட்டும் நம் வீட்டுச் சங்கில் மூலைமுடுக்கே இல்லை. தேய்த்துக் கழுவி, 10 நிமிடம் கொதிக்க வைத்தால் தீர்ந்தது.

சப்பத் தெம்பில்லாத, எடை குறைந்த பிள்ளைக்கு இன்றும் மருத்துவமனைகளில் தாய்ப்பாலைப் பீய்ச்சிச் சங்கிலும் கொடுக்கிறார்கள். பிள்ளையின் தலையை உயர்த்திப் பிடித்து, சங்கின் மூக்கைக் கடைவாயோரம் வைத்துச் சிறிது சிறிதாகச் சாய்க்க வேண்டும். விழுங்கிய பிறகே அடுத்த மடக்கு. மல்லாக்கக் கிடத்தி ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். பீய்ச்சிய பாலை வெளியே 4 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் அதற்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும்.