கணினி மேலே, ஒலிமாற்றி கீழே: 5 மீட்டரைத் தாண்டும்போது

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் கணினி மேற்படியிலுள்ள அறையில் இருக்கும். பந்தலும் அம்ப்ளிபயரும் 40 மீட்டர் கீழே. மலையகத்தில் எதுவும் ஒரே மட்டத்தில் அமைவதில்லை, ஆகவே வயர் நீளத்தான் செய்யும்.

பாட்டுப் போடுவது மட்டுமே வேலை என்றால் ஒலிமாற்றியை (கணினித் தரவை ஒலியாகவும் மைக் ஒலியைத் தரவாகவும் மாற்றும் யூஎஸ்பி பெட்டி) கணினிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். அதிலிருந்து பந்தல்வரை பேலன்ஸ்ட் அனலொக் வயர் (வழியில் சேரும் இரைச்சலைக் கழித்துவிடும் இரட்டைக் கம்பி) போதும். அதற்கு 50 மீட்டர் ஒரு தூரமே இல்லை. தப்பு மேளம், நாதஸ்வரம், பேச்சாளர் மைக் என எட்டு மைக்குகள் கீழிருந்து கணினியில் பதிவாக வேண்டுமென்றால்தான் பெட்டியைக் கீழே கொண்டுபோக வேண்டிவரும். எட்டு வயருக்குப் பதில் ஒரே வயர். ஆனால் அந்தப் பெட்டி பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 வகை, அதற்கு விதிக்கப்பட்ட நீளம் 5 மீட்டர்தான்.

சைகை (சிக்னல்) தேய்ந்துபோவதால் வந்த எல்லை என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது நேரக் கணக்கு. செம்புக் கம்பியில் சைகை ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5.2 நானோசெக்கன் ஆகும். யூஎஸ்பி தரவிதி ஒரு கேபிளுக்குக் கொடுப்பது 26 நானோசெக்கன். வகுத்தால் 5 வரும். கணினி கேட்ட கேள்விக்குச் சுமார் 1.5 மைக்ரோசெக்கனுக்குள் பதில் வராவிட்டால் பெட்டி இல்லையென்றே முடிவுகட்டிவிடும். இடையில் அதிகபட்சம் 5 ஹப் (ஒரு யூஎஸ்பி துளையைப் பலவாக்கும் பெட்டி), 6 கேபிள் வைக்கலாம். மொத்தம் 30 மீட்டர். அதற்குமேல் ஹப்பை அடுக்கிப் பயனில்லை.

ஒலிக்கு இன்னொரு தொல்லை. பிரிண்டருக்குப் போகும் தரவு பழுதானால் கணினி மறுபடி அனுப்பும். ஒலித் தரவு 125 மைக்ரோசெக்கனுக்கு ஒருமுறை நேரம் தவறாமல் ஓட வேண்டியது, மறுபடி அனுப்ப அவகாசமில்லை. தொலைந்த துண்டு ‘டக்’ என்று காதில் விழும்.

மின்னழுத்தமும் விழும். மலிவு நீட்டிப்பு வயரில் மின்கம்பி பெரும்பாலும் 28 கேஜ் தடிப்பு, மீட்டருக்கு 0.21 ஓம். 10 மீட்டர் வயரில் போகவர 20 மீட்டர், அதாவது 4.2 ஓம். பெட்டி 250 மில்லிஅம்பியர் இழுத்தால் ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமற்போகும். 5 வோல்ட்டில் கிளம்பியது 4-க்குக் கீழே போய்ச் சேரும். பெட்டி திடீரென மறைந்து மறுபடி தோன்றினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கீழே தனி அடப்டர் கொடுத்தால் தீரும்.

40 மீட்டருக்கு நடைமுறையில் உதவுவது, நடுவே கேட்6 நெட்வொர்க் வயர் போட்டு இரு முனையிலும் மாட்டும் யூஎஸ்பி எக்ஸ்டெண்டர். கரண்ட் தேவைப்படாத மலிவுப் பெட்டிகள் பெரும்பாலும் 12 மெகாபிட் வேகம் மட்டுமே. ஸ்டீரியோவுக்குத் தேவை 2.3 மெகாபிட்தான், ஆனால் எட்டுச் சனல் பெட்டி அதில் ஓடாது. 480 மெகாபிட் என்று எழுதியிருக்கும், தனி அடப்டர் உள்ள வகையையே வாங்குங்கள். இந்த வயரை நெட்வொர்க் ஸ்விட்ச்சில் குத்தக்கூடாது. பிளக் ஒன்றானாலும் உள்ளே ஓடுவது ஈதர்நெட் அல்ல. ஓப்டிகல் யூஎஸ்பி கேபிளிலும் ஒரு கண்ணி: சில வகைகள் யூஎஸ்பி 3 தடத்தை மட்டுமே கடத்தும், 2.0 பெட்டியை அவை கண்டுகொள்ளாது.

இரு முனைக் கருவிகளிலும் ஏஇஎஸ்3 துளை (தொழில்முறை டிஜிட்டல் ஒலி இணைப்பு) இருந்தால் வேலை சுலபம். அது 110 ஓம் பேலன்ஸ்ட், 100 மீட்டர் ஓடும். கேட்5இ வயரின் ஒரு சோடியே போதும். டிஜிட்டல் ஒலியை ஒளியாகக் கடத்தும் டொஸ்லிங்க் பிளாஸ்டிக் இழை 10 மீட்டரோடு நின்றுவிடும்.

இரைச்சல் வந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் கோளாறு எர்த்தில்: மேல் அறையும் பந்தலும் வெவ்வேறு இடத்தில் மண்ணைத் தொடுகின்றன, அந்த வித்தியாசம் வயரின் உலோக உறை வழியே 50 ஹேர்ட்ஸில் ஓடுகிறது. பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது தீர்வல்ல. ஈர மண்ணில் நின்று மைக் பிடிப்பவரின் உயிரோடு விளையாட்டு. டான்டே, ஏஇஎஸ்67 போன்ற ஈதர்நெட் ஒலிமுறைகளில் இரு முனையிலும் 1500 வோல்ட் தாங்கும் குட்டி டிரான்ஸ்போமர் இருப்பதால் இந்த இரைச்சல் கடக்காது.

மின்னலுக்கு 1500 வோல்ட் தூசு. மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பின்னேரத்தில் இடி இறங்கும் நமது மலைகளில் வெளியே கிடக்கும் செம்பு வயர் இரு முனையிலுள்ள கருவிகளையும் கொன்றுவிடும். ஈதர்நெட் வழியென்றால் இரண்டு மீடியா கன்வேர்ட்டரும் (செம்பு ஈதர்நெட்டை ஒளியாக மாற்றும் பெட்டி) நடுவே ஃபைபரும் போடுவதே என் தேர்வு. வீட்டு இணைய ஃபைபர் வயரில் தாங்குகம்பியாக இரும்பு இருப்பதுண்டு. அதை இரு முனையிலும் கருவிக்கு எட்டாமல் பின்னுக்கு வெட்டிவிடுங்கள், இல்லையேல் ஃபைபர் போட்டதன் பயன் போச்சு.

செம்புதான் என்றால் இடி கேட்டவுடன் இரு முனையையும் கழற்ற வேண்டும். வெளிப்புறத்துக்கான கறுப்பு உறை, முழுச் செம்பு. செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம். சுவருக்குள் நுழையுமுன் வயரை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாமல், குறுக்கிட்டால் செங்குத்தாகக் கடக்கவிடுங்கள். பனியில் பிளக் பித்தளை பச்சை பிடிக்கும், ஆகவே இணைப்புகள் மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும்.

இழுக்குமுன் முழு வயரையும் அறைக்குள்ளேயே இணைத்து ஒரு மணி நேரம் பதிவு ஓடவிடுங்கள். ‘டக்’ வந்தால் பதிவு மென்பொருளில் பஃபரை (ஒலித் தரவைச் சேர்த்துவைக்கும் இடைச்சேமிப்பு) 128 சாம்பிளிலிருந்து 512-க்கு ஏற்றுங்கள். அப்போதும் வந்தால் பழுது பெரும்பாலும் வயரிலோ எக்ஸ்டெண்டரிலோ இருக்கும்; வேறொரு குட்டை வயரை நடுவே போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.