சாக்கெட்டில் உட்காரும், சரி... ஓடுமா?

பெரம்பூரிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கொட்டேஷன் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ரிச்சி தெருவில் வாங்கியது. முதல்முறையாக கேமிங் பிசி அசெம்பிள் பண்ணப் போகிறார், கையில் 60,000 ரூபாய். அதில் பிராசஸர் ஐ7-12700எஃப், மதர்போர்டு கடையில் இருப்பதிலேயே மலிவான எச்610. இரண்டும் ஒத்துப்போகுமா என்று கேட்டிருக்கிறார். "சாக்கெட் ஒண்ணுதாம்பா, தாராளமா உக்காரும்" என்றாராம் கடைக்காரர்.

அவர் சொன்னது பொய்யில்லை. எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 1700 தொடுமுனைகள், இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் எல்லாமே அதில் உட்காரும். (பழைய ஸ்டாக் போர்டில் 14ஆம் தலைமுறையை வைத்தால் போர்டின் உள்மென்பொருளான பயாஸை அப்டேட் செய்யாமல் உயிர் வராது, அதைக் கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள்.) மற்ற பொருத்தங்களையும் சட்டென்று சொல்லிவிடுகிறேன். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டு ரேமுக்கும் 288 பின்தான், ஆனால் அடியில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது இறங்காது. 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்கினால் தரவு இரண்டு பாதையில் போகும். பிராசஸர் பெயரில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு போட்டே ஆக வேண்டும், மானிட்டர் ஒயரையும் அந்தக் கார்டில்தான் சொருக வேண்டும். போர்டில் சொருகிவிட்டு "டிஸ்ப்ளே வரலை" என்று ஓடி வருபவர்கள் வாரத்துக்கு ஒருவராவது இருப்பார்கள். கார்டின் நீளம் கேபினெட்டுக்குள் அடங்குமா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

இதெல்லாம் உட்காருகிற கதை. ஓடுகிற கதை சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும் சின்னச் சின்னச் சாம்பல் நிறக் கட்டிகளில் இருக்கிறது, எனக்கு மதர்போர்டிலேயே பிடித்த இடம் அதுதான்.

அந்த ஐ7 முழுவேகத்தில் ஓடும்போது 180 வாட் வரை இழுக்கும், இன்டெலே கொடுத்திருக்கும் கணக்கு இது. பிராசஸருக்குள் போகும் மின்னழுத்தம் தோராயமாக 1.2 வோல்ட். பள்ளிக்கூடத்துக் கணக்குதான், 180-ஐ 1.2-ஆல் வகுத்தால் 150 ஆம்பியர். கேட், கிரில் செய்கிற பட்டறையில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர் பொறி பறக்க வெல்டிங் அடிக்கிறாரே, அந்த ராடுக்குள் போவதே சுமார் 100 ஆம்பியர்தான். இங்கே அதைவிட அதிகமான மின்னோட்டம் கட்டைவிரல் நகம் அளவுள்ள சிலிக்கனுக்குள், சத்தமில்லாமல் போய் வருகிறது.

ஏன் இவ்வளவு குறைந்த வோல்ட்? டிரான்சிஸ்டர் திறந்து மூடச் செலவாகும் ஆற்றல் வோல்ட்டின் இருமடிக்கு ஏற்ப ஏறும், வோல்ட்டைப் பாதியாக்கினால் செலவு கால்வாசி. அதனால்தான் 5 வோல்ட்டில் ஓடிய 486 காலத்திலிருந்து இன்றைய 1 வோல்ட் சொச்சத்துக்கு இறங்கி வந்திருக்கிறோம். வோல்ட் இறங்க இறங்க ஆம்பியர் ஏறிக்கொண்டே போனது.

சரி, கேபினெட்டில் இருக்கும் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸே நேராக 1.2 வோல்ட் கொடுத்துவிடலாமே? கொடுத்தால் அந்த ஒயர் சூடாகியே செத்துவிடும். ஒயரில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 12 வோல்ட்டில் 15 ஆம்பியராக வருவதை 1.2 வோல்ட்டில் 150 ஆம்பியராக அனுப்பினால், அதே ஒயரில் இழப்பு 100 மடங்கு. மின்வாரியம் லட்சக்கணக்கான வோல்ட்டில் கம்பியில் கொண்டுவந்து படிப்படியாகத் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரை இறக்குவதும் இதற்காகத்தான். மதர்போர்டின் தெருமுனை டிரான்ஸ்பார்மர் என்று விஆர்எம்மை, அதாவது சாக்கெட்டைச் சுற்றி வோல்ட்டை இறக்கித் தரும் அந்தப் பகுதியை, சொல்லலாம். ஆனால் ஒரு சிக்கல், இங்கே ஓடுவது நேர்மின்சாரம் (டிசி), நிஜ டிரான்ஸ்பார்மர் அதில் வேலை செய்யாது. நடுவில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டு 12-ஐ 1.2 ஆக்கலாம் என்றால், மீதி 10.8 வோல்ட்டை அது 150 ஆம்பியரோடு சேர்த்து விழுங்கும், அதாவது 1620 வாட். கேபினெட்டுக்குள் ஒன்றரை இஸ்திரிப் பெட்டி!

இந்த இடத்தில்தான் அந்த அழகான தந்திரம் வருகிறது. வோல்ட்டைக் குறைக்கவே வேண்டாம், 12 வோல்ட்டை முழுசாகக் கொடு, ஆனால் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் கொடு, மீதி ஒன்பது பங்கு நேரம் மூடி வை. சராசரி எடுத்தால் 1.2 வோல்ட். தண்ணீர்க் குழாய் மாதிரி திறந்து மூடுவது மாஸ்ஃபெட் என்ற சுவிட்ச், அதுவும் நொடிக்குச் சில லட்சம் தடவை. சுவிட்ச் முழுசாகத் திறந்திருந்தால் அதன்மேல் வோல்ட் அநேகமாக இல்லை, முழுசாக மூடியிருந்தால் மின்னோட்டமே இல்லை, இரண்டு நிலையிலும் வீணாவது கொஞ்சம்தான்.

ஆனால் பிராசஸருக்கு இப்படி விட்டு விட்டுக் கொடுத்தால் அது எரிந்து போகும் இல்லையா? அதற்குத்தான் அந்தச் சாம்பல் கட்டி. உள்ளே இருப்பது வெறும் செம்புச் சுருள், காந்தப் பொருளில் பொதிந்தது. காலால் மிதிக்கும் தையல் மெஷினைப் பார்த்திருப்பீர்கள், பாட்டி மிதிப்பது விட்டு விட்டுத்தான், ஆனால் கீழே இருக்கும் பெரிய சக்கரம் அந்த உந்தலை வாங்கி வைத்துக்கொண்டு சீராகச் சுற்றும், தையல் அறுபடாது. சுருளும் அப்படியே, ஓடுகிற மின்னோட்டம் சட்டென்று மாறுவதற்கு அது ஒத்துக்கொள்ளாது. சுவிட்ச் திறந்திருக்கையில் காந்தப்புலமாக ஆற்றலைச் சேர்க்கிறது, மூடியதும் அந்தக் காந்தப்புலம் சுருங்கிக்கொண்டே மின்னோட்டத்தை விடாமல் தள்ளுகிறது (அது சுற்றி வர வழிவிட இரண்டாவதாக ஒரு மாஸ்ஃபெட் உண்டு). மிச்சமிருக்கும் அலையைப் பக்கத்தில் நிற்கும் கெப்பாசிட்டர்கள், மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டி மாதிரி, வாங்கிச் சமன் செய்துவிடும்.

ஒரு சுருள் 150 ஆம்பியரைத் தாங்காது. அதனால் நான்கு, ஆறு, பத்து என்று வைத்து முறை வைத்துக்கொள்கிறார்கள். ஒரே உரலில் மூன்று பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, ஒருவர் உலக்கை ஏறும்போது மற்றவருடையது இறங்கும், குத்து விழுந்துகொண்டே இருக்கும், யாருக்கும் கை ஓயாது. இதைத்தான் பெட்டியின் மேல் ஃபேஸ் என்று போடுகிறார்கள். வெப்பக் கணக்கையும் பாருங்கள்: 80 ஆம்பியரை ஒரே வழியில் விட்டால் இழப்பு 80-இன் இருமடி, 6400 பங்கு. நான்கு வழியில் 20, 20 ஆகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 400, மொத்தம் 1600. அதே வேலை, கால்வாசி சூடு.

மலிவு போர்டில் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இங்கேதான். ஃபேஸ் குறைவு, மாஸ்ஃபெட் மேல் ஹீட்சிங்க் (சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகக் கட்டி) கிடையாது. நானும் ஒருகாலத்தில் அப்படி ஒன்று வாங்கி வைத்திருந்தேன், ஏசி இல்லாத ரூம். மே மாதம் மதியம் கேம் போட்டால் பத்து நிமிஷத்தில் திணறும், 4 கிகாஹெர்ட்ஸில் போய்க்கொண்டிருந்த பிராசஸர் 1-க்கும் கீழே விழும், கொஞ்ச நேரத்தில் எழும், மறுபடி விழும். மாஸ்ஃபெட் கொதித்ததும் போர்டே பிராசஸரை அடக்கி வைத்தது, அவ்வளவுதான். அத்தை கண்ணு பட்டுவிட்டது என்று கேபினெட்டில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டிவிட்டார். கத்திரி முடிந்தது, மழை பெய்தது, மெஷின் சரியானது, பெயர் எலுமிச்சம்பழத்துக்கு. அடுத்த மே மாதம் புதுப் பழம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் திணறியது. சைடு பேனலைக் கழற்றி டேபிள் ஃபேனை மாஸ்ஃபெட் பக்கம் திருப்பினேன், நின்றது. அத்தை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

சூட்டுக்கு உயிரை விடுவது கெப்பாசிட்டரும்தான். சாதாரண அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் வகையில் 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதி என்பது தொழிலில் இருப்பவர்களின் கைக்கணக்கு. வெளிநாட்டு யூடியூபர் 22 டிகிரி ரூமில் உட்கார்ந்துகொண்டு "இந்த போர்டு போதும்" என்று சொல்வதை 38 டிகிரி வியாசர்பாடி மாடி ரூமில் அப்படியே நம்பக் கூடாது, அந்த 16 டிகிரியும் மாஸ்ஃபெட் தலையில்தான் ஏறும்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் சக்தி பிராசஸர் செய்தபோது பெருமையாகத்தான் இருந்தது, சிப் என்றால் இன்று செய்தி, மானியம், திறப்புவிழா எல்லாம் உண்டு. அந்தச் சிப்புக்குச் சோறு போடும் பவர் எலக்ட்ரானிக்ஸுக்கு எத்தனை கல்லூரியில் உருப்படியான ஆய்வகம் இருக்கிறது? 1959இல் பெல் ஆய்வகத்தில் முகமது அடல்லாவும் டாவோன் காங்கும் செய்து காட்டிய மாஸ்ஃபெட்தான் பிராசஸருக்குள்ளும் இருக்கிறது, வெளியே உலக்கை போடுவதும் அதுவேதான். ஒன்றுக்கு மாலை மரியாதை, இன்னொன்றைக் கண்டுகொள்வாரில்லை.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். கேமுக்கு அந்த ஐ7 தேவையே இல்லை. ஐ5-12400எஃப் போடுங்கள், ஆறு கோர், அதிகபட்சம் 117 வாட். மிச்சமாகும் காசில் பாதியை கிராபிக்ஸ் கார்டுக்குச் சேருங்கள், கேமில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் அங்கேதான். மீதியில் மாஸ்ஃபெட் மேல் ஹீட்சிங்க் உள்ள ஒரு பி660 அல்லது பி760 போர்டு, நல்ல கம்பெனி 550 வாட் எஸ்எம்பிஎஸ். பில் போடுவதற்கு முன்னால் போர்டைப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லிக் கட்டிகளை எண்ணுங்கள். மேலே ஆர்30, ஆர்68 என்று ஏதாவது எழுதியிருக்கும், அது 0.30, 0.68 மைக்ரோஹென்றி என்று சுருளின் அளவு, விலை கோட் இல்லை. ஃபேஸ் எண்ணிக்கையைப் பெட்டியில் கொஞ்சம் ஊதித்தான் போடுவார்கள், அதனால் ஹீட்சிங்க் திருகு போட்டு இறுக்கியிருக்கிறதா, சும்மா ஒட்டியிருக்கிறதா என்று பின்பக்கமும் திருப்பிப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிதான் பார்ப்பார், பார்க்கட்டும்.